அப்பாவுக்கு முப்பது மணி நேரம், எனக்குப் பதினெட்டு

தம்பி,

நலமா என்று கேட்கப்போவதில்லை. நீ நலமாக இருப்பது நீ போடுகிற படங்களிலேயே தெரிகிறது. இதை உனக்கு மட்டும் தனியாக அனுப்பியிருக்கலாம்தான். ஆனால் எனக்குச் சொல்லவேண்டியதை நீ தனியாகவா சொன்னாய்? சித்தப்பா குடும்பம், பைராம் தோட்டத்து அத்தை வீட்டார், உன் மாமனார் மாமியார், யாரென்றே எனக்குத் தெரியாத இரண்டு பேர், இத்தனை பேரும் இருக்கிற குடும்ப வாட்ஸ்அப் குழுவில்தானே போட்டாய். பதிலும் அங்கேயே வரட்டும். எல்லோரும் நன்றாக உட்கார்ந்து படிக்கட்டும். அன்றைக்குக் கை தட்டியவர்கள் இதற்கும் தட்டட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை செபராங் ஜெயா பாசாரில் மீன் வாங்கிக்கொண்டு நிற்கிறேன். கெம்போங் மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கிற நேரத்தில் உன் சித்தி போன் செய்தாள். "அக்கா, கெனடா போறீங்களாமே? எங்ககிட்ட சொல்லவே இல்ல லா!" என்றாள். "யாரு போறா?" என்று கேட்டேன். "நீங்கதான்! குணா டிக்கெட் எடுத்து குரூப்ல போட்டிருக்கானே, பாக்கலயா?" மீன்காரன் பையை விரித்துப் பிடித்தபடி என் முகத்தைப் பார்க்கிறான். மீன் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நான் போனைத் திறந்தேன். நான் எங்கே போகிறேன், எப்போது போகிறேன், எந்த இருக்கையில் உட்காரப்போகிறேன் என்பதெல்லாம் எனக்கு முன்னால் ஊருக்குத் தெரிந்திருந்தது. இருபது பேர் விமானப் படமும் பூப்படமும் போட்டு வாழ்த்தியிருந்தார்கள். அத்தை ஒருத்தி, வரும்போது எனக்கு ஒரு குளிர்சட்டை என்று கேட்டும் வைத்திருந்தாள்.

டிக்கெட்டோடு இன்னொரு படமும் போட்டிருந்தாய். இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தால் நடுவில் எவ்வளவு தூரம், பறக்க எவ்வளவு நேரம் என்று காட்டுகிற ஒரு இணையப் பக்கம். பினாங்கிலிருந்து ஒரு கோடு கிளம்பி, உலகத்தின் தலைமேல் ஏறி, அந்தப் பக்கம் டொராண்டோவில் இறங்குகிறது. பதினாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல். பதினெட்டு மணி நேரம். அதன் கீழே உன் கைவண்ணம்: "அம்மா வர்றாங்க! பதினெட்டே மணி நேரம். ஒரு தூக்கம், ரெண்டு படம், வந்தாச்சு!"

அந்தப் பக்கத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன், தம்பி. அந்த வளைந்த கோடு எனக்கு மனப்பாடம். போன வருடம் ஆடி மாதம், இதே குழுவில், இதே பக்கத்தை நீ போட்டாய். அப்போது உன் அப்பா நம் வீட்டு ஹாலில் பெட்டிக்குள் படுத்திருந்தார். காலையில் குளிக்கப் போனவர் குளியலறையிலேயே விழுந்தார், ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. உனக்கு போன் செய்தபோது நீ அழுதாய். அந்த அழுகையை நான் சந்தேகப்படவில்லை, இன்றைக்கும் சந்தேகப்படவில்லை. ஆனால் சாயங்காலத்துக்குள் அழுகை நின்று, அந்தப் பக்கம் வந்து சேர்ந்தது. அன்றைக்கும் அதே கோடு, அதே பதினாலாயிரம். நீ எழுதியது மட்டும் வேறு. "டைரக்ட் ஃப்ளைட் இல்ல. ரெண்டு ட்ரான்சிட். எப்படிப் பாத்தாலும் முப்பது மணி நேரம். எனக்காக வெயிட் பண்ணாதீங்க."

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். நான் மாமியாராகி நாலு வருடம் ஆகிறது, அந்தப் பழமொழிக்கு என் வீட்டில் வேலை இருந்ததில்லை. அதை நீ கொண்டுவந்து சேர்த்தாய். நீ வரவேண்டும் என்றால் முப்பது மணி நேரம், நான் வரவேண்டும் என்றால் பதினெட்டு. அப்பா சாவுக்கு ட்ரான்சிட்டைக் கூட்டினாய், பிறக்கப்போகிற உன் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அதைக் கழித்தாய். நடுவில் இருக்கிற கடல் ஏதாவது வற்றிவிட்டதா?

நாங்கள் எத்தனை நாள் வேண்டுமானாலும் காத்திருந்திருப்போம் என்பது உனக்குத் தெரியும். மருந்து ஏற்ற வந்த ஆள், "எத்தன நாளைக்கு வைக்கணும்மா? மூணு நாள்னாலும் தாங்கும்" என்றே சொன்னார். பெட்டிக்காரர் வாசலில் நின்று நாளையா மறுநாளா என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் மறுநாள் என்றேன், அதற்கு மறுநாள் என்றேன். பக்கத்து வீட்டு ஆ லியான் அக்கா தினமும் ஒரு தூக்கில் கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டு, "அனாக் சுடா சம்பாய்?" என்று கேட்பாள். மகன் வந்து சேர்ந்தானா என்று. வந்தவர்கள் எல்லோரும் தமிழிலும் மலாயிலும் அதைத்தான் கேட்டார்கள். நான் ஒரே பொய்யை எல்லா மொழியிலும் சொன்னேன். ஃப்ளைட் இல்லை, ஃப்ளைட் கிடைக்கவில்லை, பாவம் பிள்ளை அங்கே துடிக்கிறான். உனக்காக நான் பொய் சொன்னது அது முதல் தடவை அல்ல, ஆனால் பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்து சொன்னது அதுதான்.

கடைசியில் மண்குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு சுற்றியது உன் சித்தப்பா. முட்டி வலிக்காரர். மூன்றாவது சுற்றில் தடுமாறி, இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். அவர் மகன் ஒரு குச்சியில் போனை மாட்டி உனக்குக் காட்டிக்கொண்டே வந்தான். கூட்டத்தில் எல்லோரும் அழுகிற நேரத்தில் அந்தக் குச்சியின் நுனியிலிருந்து உன் குரல் வந்தது. "கொஞ்சம் கிட்டக் காட்டுடா, முகம் தெரியல." கிட்டக் கொண்டுபோனான். லைன் அறுந்துவிட்டது. அப்பா முகத்தை நீ கடைசியாகப் பார்த்தாயா இல்லையா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. பதினாறாம் நாளுக்காவது வருவாய் என்று பார்த்தேன். அதற்கும் தூரம்தான் வந்தது, நீ வரவில்லை.

உன் அப்பாவுக்கும் தூரம் என்றால் என்னவென்று தெரியும். பைராம் தோட்டத்திலிருந்து பிறைக்கு ஃபேக்டரி பஸ் ஓட்டியவர். ஆயுள் முழுக்க அடுத்தவர்களை வேலைக்குக் கொண்டுபோய் விட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தவர். நீ ஜொகூரில் படித்தபோது டெங்கிக் காய்ச்சல் வந்து படுத்தாயே, நினைவிருக்கிறதா? உன் கூட்டாளி போன் செய்தபோது அப்பா அப்போதுதான் பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். கழற்றிய சட்டையைத் திரும்பப் போட்டார். தேத்தண்ணி ஆறுவதற்குள் கார் கிளம்பிவிட்டது. பினாங்கு நாட்டின் ஒரு மூலை என்றால் ஜொகூர் அடுத்த மூலை. அந்தப் பழைய காரில் ஏர்கோன் கிடையாது. போய்ச் சேர்ந்ததும் எனக்கு போன் செய்து, "வந்துட்டேன் லா. பக்கந்தான்" என்றார். நாலு நாள் கழித்து உன்னைப் பின் சீட்டில் படுக்க வைத்துக் கூட்டிக்கொண்டு வந்தார். ஒரு வாரம் அவரால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை, தோளில் துண்டைப் போட்டு அதை மறைத்துக்கொண்டு திரிந்தார். அன்றைக்கும் தூரம் பார்க்கிற பக்கம் ஏதாவது இருந்திருக்கலாம். அவருக்கு அதைத் திறக்கத் தோன்றவில்லை.

உன்மேல் எனக்கு இருக்கிற கோபம் நீ வராததற்காக மட்டும் இல்லை. அப்போது நீ புது வேலையில் சேர்ந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. லீவு கேட்டால் என்ன சொல்வார்களோ என்று பயந்திருப்பாய். அதை அப்படியே சொல்லியிருக்கலாமே. "அம்மா, வேலை போயிடுமோன்னு பயமா இருக்கு, என்னால வர முடியல" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் நான் திட்டியிருப்பேன், அழுதிருப்பேன், பிறகு புரிந்துகொண்டும் இருப்பேன். வேலைக்குப் பயப்படுவது என்னவென்று எனக்குத் தெரியாதா? பிறை ஃபேக்டரியில் மேலாளர் முகத்தைப் பார்த்துக்கொண்டே என் பாதி வயது போனது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நீ உலகமே கோணல் என்று படம் போட்டுக் காட்டினாய். உன் பயத்துக்குச் சாட்சி சொல்ல ஒரு வளைந்த கோட்டைக் கூப்பிட்டு வந்து நிறுத்தினாய். எதுவும் செய்ய முடியாதபோது முடியவில்லை என்று சொல்லப் பழகு. கிலோமீட்டரை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் ஒளிந்துகொள்ளாதே.

அதே ஞாயிறு சாயங்காலம் நீ போன் செய்தபோது நடந்ததையும் எல்லோரும் கேட்கட்டும். "என்னம்மா, சந்தோஷமா?" என்றாய்.

"யாரைக் கேட்டு டிக்கெட் எடுத்த?"

"சர்ப்ரைஸ்மா! வித்யா டெலிவரிக்கு இன்னும் ரெண்டு மாசந்தான் இருக்கு. அவ அம்மாவுக்கு டயாலிசிஸ், அவங்களால வர முடியாது. நீங்க வந்தாத்தான் லா முடியும்."

"டிக்கெட்ல வீல்சேர்னு போட்டிருக்கே, அது யாருக்கு?"

"உங்களுக்குத்தான். ட்ரான்சிட்ல தொலைஞ்சு போயிடக் கூடாதுல்ல. வீல்சேர் கேட்டா அவங்களே தள்ளிட்டுப் போயி அடுத்த ஃப்ளைட்ல உட்கார வச்சிடுவாங்க. நீங்க வாயத் தொறக்கவே வேணாம்."

"ட்ரான்சிட்டா? பதினெட்டு மணி நேரம்னு போட்டிருந்தியே."

"அது பறக்கற நேரம்மா. நேரா போனா."

"நேரா போற ஃப்ளைட் இருக்கா?"

"இல்ல."

"அப்ப மொத்தம் எவ்ளோ?"

"ஒரு முப்பது வரும். அதெல்லாம் ஒண்ணும் தெரியாதும்மா, தூங்கிட்டே வந்துடலாம்" என்றாய். உனக்குக் காதில் விழுந்ததோ என்னவோ, எனக்கு விழுந்தது. நீ ஊருக்குப் படம் போட்டுக் காட்டிய விமானம் உலகத்திலேயே இல்லை. இல்லாத விமானத்தில் என்னை ஏற்றி, இரண்டு படம் பார்க்கச் சொல்லியிருக்கிறாய்.

அந்தச் சக்கர நாற்காலிக்கு வருவோம். முப்பது வருடம் பிறை ஃபேக்டரியில் நின்றுகொண்டே வேலை பார்த்த கால் இது. லைனுக்குத் தலைவியாக இருந்து அறுபது பெண்களை மேய்த்திருக்கிறேன். மலாயில் சண்டை போடுவேன், இங்கிலீஷில் வழி கேட்பேன், ஹொக்கியன் சீனத்தில் விலை குறைப்பேன். நேற்றுகூடப் பாசாரிலிருந்து இரண்டு பையைத் தூக்கிக்கொண்டு நடந்துதான் வந்தேன். கால் நன்றாக இருக்கிறவளை நொண்டி என்று எழுதிக்கொடுத்து, வாயைத் திறக்காதே என்று சொல்லி, ஒருத்தர் கையிலிருந்து இன்னொருத்தர் கைக்குத் தள்ளிவிடச் சொல்லியிருக்கிறாய். உன் கூட்டாளிகள் எல்லோரும் அம்மாக்களை அப்படித்தான் வரவழைக்கிறார்களாம். வரவழைக்கட்டும். லோரியில் போகிற சாமான்மேல்தான் உடையும் பொருள், கவனம் என்று ஒட்டுவார்கள். என்மேல் ஒட்ட உனக்கு யார் அனுமதி கொடுத்தது?

போனை வைப்பதற்கு முன்னால் நீ இன்னொன்று சொன்னாய். "அப்பா வருஷத்தையும் மறக்கலம்மா. அது முடிஞ்சு மூணு வாரம் தள்ளித்தான் போட்டிருக்கேன்." குரலில் ஒரு பெருமை. நான் போனை வைத்துவிட்டேன். மனம் இளகிவிட்டது என்று நினைத்திருப்பாய். நான் சுவரில் தொங்குகிற காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பா செத்த இங்கிலீஷ் தேதியை எண்ணி, அதோடு மூன்று வாரத்தைக் கூட்டி டிக்கெட் எடுத்திருக்கிறாய். நம் வீட்டில் எந்தக் காலத்தில் இங்கிலீஷ் தேதிக்குத் திவசம் கொடுத்தோம்? உன் தாத்தாவுக்கு ஒவ்வொரு வருடமும் திதி பார்த்துத்தான் அப்பா கொடுத்தார், நீ பக்கத்தில் நின்று அவர் கையில் தண்ணீர் ஊற்றியிருக்கிறாய். இந்த வருடம் அப்பாவின் திதி தள்ளி விழுகிறது. ஐயரிடம் கேட்டு எப்போதோ சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுவிட்டேன். நீ என்னை விமானம் ஏற்றுகிற நாள்தான் உன் அப்பாவுக்கு முதல் வருஷத் திவசம், தம்பி. காலையில் ஐயர் வரும் நேரத்தில் நான் விமான நிலையத்துக்குப் போகிற பினாங்குப் பாலத்து ஜேமில் நின்றுகொண்டிருக்கவேண்டும் என்று ஏற்பாடு செய்திருக்கிறாய்.

இது தெரியாமல் செய்த தப்பு என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன். தெரியாததைக் கேட்டிருக்கலாம் என்பதை நீ ஒத்துக்கொள். டொராண்டோவிலிருந்து பினாங்குக்கு எத்தனை கிலோமீட்டர் என்று இரண்டு தடவை தேடிப் பார்க்கத் தெரிந்த உனக்கு, "அம்மா, அப்பா திதி என்னிக்கு?" என்று கேட்க ஒரு நிமிடம் ஆகியிருக்காது. உனக்கு இராத்திரி பத்து என்றால் எனக்குக் காலை பத்து. கடிகாரத்தில் ஒரே எண்தான், கணக்குப் போடக்கூட வேண்டாம்.

வித்யாமேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. இந்தக் கூத்துக்கெல்லாம் முன்பே, மாசமாக இருக்கிறேன் என்று சொன்ன அன்றைக்கே, "அத்தை, உங்களால வர முடியுமா? வரணும்னு கட்டாயம் இல்ல" என்று கேட்டவள் அவள் ஒருத்திதான். நேற்று அவளிடம் பேசினேன். "நாலஞ்சு நாள் அங்க தனியா சமாளிப்பியாம்மா? குணா இங்க வந்துட்டுப் போனா?" என்றேன். அவள், "சமாளிப்பேன் அத்தை. போன வருஷமே நான் அவரைப் போங்கன்னுதான் சொன்னேன்" என்றாள். சொல்லிவிட்டுப் பயந்துவிட்டாள். இதை எழுதட்டுமா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "எழுதுங்க" என்றாள். கேட்டுவிட்டுச் செய்வது எப்படியென்று இப்போது பார்த்துக்கொள். இதற்காக அவளிடம் நீ முகத்தைத் தூக்கினாய் என்று தெரிந்தால் நான் வேறு மாதிரி பேசுவேன்.

பேரப்பிள்ளையைத் தூக்க எனக்குக் கை துடிக்கிறது. ஊர் முழுக்கக் கேட்கிற இடத்தில் இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஆசை இருக்கிறது என்பதற்காக என்னை மூட்டை கட்டி அனுப்பிவிடலாம் என்று நினைக்காதே. பிறக்கப்போகிற பிள்ளைக்கு நீ அப்பா. ஒரு காலத்தில் அதுவும் வளர்ந்து, எங்கேயோ உட்கார்ந்து, உன்னிடம் வரவேண்டிய தூரத்தைப் பார்க்கும். அப்போது அதற்கு ட்ரான்சிட்டைக் கூட்டத் தோன்றுமா, கழிக்கத் தோன்றுமா என்பது இப்போது உன் வீட்டில் அது எதைப் பார்த்து வளர்கிறது என்பதைப் பொறுத்தது. அது பார்க்க வேண்டியதை முதலில் நீ செய்துவிடு.

நீ எடுத்த டிக்கெட் வேண்டாம் என்று நேற்றே ஏஜெண்டுக்குச் சொல்லிவிட்டேன். திவசம் நம் ஹாலில்தான், பெட்டி வைத்திருந்த அதே இடத்தில். நீ வா. பதினெட்டு மணி நேரம்தானே, ஒரு தூக்கம், ரெண்டு படம். வந்து உன் அப்பாவுக்குச் செய்யவேண்டியதைச் செய். செய்தால், நீ திரும்பிப் போகிற அதே விமானத்தில் நானும் உன் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறேன், எல்லா ட்ரான்சிட்டிலும் நடந்தே வருகிறேன். வராவிட்டாலும் பேரனையோ பேத்தியையோ பார்க்க நான் வருவேன், எப்போது என்பதை நான் சொல்வேன்.

ஐயர் போன வாரம் கேட்டார், "யாரும்மா உட்காரப்போறது? சித்தப்பாவா?" அவருக்கு முட்டி முடியாது, இனி அவரைக் கஷ்டப்படுத்தமாட்டேன். "மகன் வந்தா மகன், வரலன்னா நான்" என்றேன். ஐயர் தயங்கினார். "பொம்பளைங்க உட்கார்றது வழக்கமில்லையேம்மா." "மகன் வர்றதுகூடத்தான் எங்க வீட்டுல வழக்கமில்ல ஐயரே" என்றேன்.

உன் அப்பாவுடைய மனைப்பலகையைத் துடைத்து வைத்திருக்கிறேன். அன்று காலை அதை ஹாலில் போடுவேன். ஐயர் மந்திரத்தைத் தொடங்கும்வரை அது உனக்கு. அதற்குப் பிறகு நான் உட்கார்ந்துவிடுவேன். என்னை யாரும் தள்ளிக்கொண்டு வந்து உட்கார வைக்க வேண்டியதில்லை.

அம்மா